வளைவு இருந்த இடம்

அன்புள்ளவளே,

ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மெல்போர்னுக்கு மகளிடம் போனாய். அங்கே குளிர்காலமும் வந்துவிட்டதாமே. இங்கே நம் கோசோ தீவில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. நேற்று குகைக்குள் படகை விட்டபோது சுவரெல்லாம் ஊதா. தண்ணீருக்கு அடியில் வெயில் நீலமாக எரிந்தது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

குகையைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும் என் கை தானாகவே இன்ஜின் வேகத்தைத் தணித்தது. "எல்லாரும் மேல பாருங்க!" என்று கத்தியும் விட்டேன். பயணிகள் அத்தனை பேரும் அண்ணாந்தார்கள். வெறும் வானம். அங்கே கடல்மேல் வாசல் போல நின்ற அந்தப் பாறை வளைவு புயலில் விழுந்து எத்தனை வருடமாகிறது!

பக்கத்துப் படகிலிருந்த சென்சு விடுவானா? "யோவ், கடலுக்கடியில கெடக்கறத ஆகாசத்துல காட்டறியே, பலே ஆளுய்யா நீ!" என்று சிரித்தான்.

ஆனால் ஒரு சிசிலிக்காரப் பெண் தலையை இறக்கவே இல்லை. "எவ்ளோ உசரம் இருந்துச்சுண்ணே?" என்று கேட்டாள். தூண் இங்கே, பாலம் அங்கே என்று விரலால் வானத்தில் வரைந்து காட்டினேன். "அடேயப்பா!" என்றாள், எதிரே நிற்பதைப் பார்த்தவள் போல.

மகளுக்கு உதவியாக எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ உட்காரும் முன்பலகையில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை. அலை தெறித்து நனைந்துவிடுவீர்கள் என்று பயணிகளிடம் சொல்லிவிடுகிறேன்.

நேற்று கடலில் அலையே இல்லை.

இப்படிக்கு,
உன் படகுக்காரன்