ராகுகாலத்தில் போட்ட ஓ.எஸ்.

ஜூலை 7, திங்கள்
சாரல். மலை தெரியவில்லை. கடைக் கணினி எழவில்லை. கறுப்புத் திரை, ஒற்றை ஆங்கில வரி. தேனியிலிருந்து சர்வீஸ்காரர் வந்து பார்த்தார். ஹார்டு டிஸ்க் போயிற்று. புதிது மாட்டி, கணினியை ஓட்டும் ஓ.எஸ். ஏற்ற வேண்டுமாம்.

ஏலக்காய்க் கணக்கு முழுவதும் என் பென்டிரைவில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் பிரதி எடுப்பேன். இந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்த ஒழுங்கு கிடையாது. என் வீட்டுக்காரர் காலமான பிறகும் கடையில் கணினி நாற்காலி என்னுடையது. வரவு, விற்பனை, ஏல விற்பனைக்கு அனுப்பும் மாதிரிப் பட்டியல், எல்லாம் என் கை.

வாங்க வேண்டியவை: நீல மை, முழங்கால் தைலம், இனிப்பில்லாத பன்.

ஜூலை 9, புதன்
புது டிஸ்க் வந்தது. கூடவே கொழுந்தன்; அவர் மனைவி பாக்கியம், தட்டும் குங்குமமுமாக. கணினியின் காற்றுத் துளையில் சந்தனம் அப்பினாள். துடைத்தேன். மறுபடி அப்பினாள்.

சர்வீஸ்காரர் ஓ.எஸ். உள்ள தன் பென்டிரைவைச் செருகிவிட்டு, பவரைப் போடச் சொல்லி என்னைப் பார்த்தார். கை நீட்டினேன். பாக்கியம் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அக்கா, நீங்க இருங்க. செல்வி போடட்டும். புதுச் சாமானு.”

விதவைக் கை. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு.

செல்வி கொழுந்தனின் மருமகள், போன தையில் வந்தவள். தரையைப் பார்த்தபடி அழுத்தினாள். பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட். ஒருவரும் ஒரு வரி படிக்கவில்லை. நான் படித்த கான்வென்டில் இப்படிப் புரட்டியிருந்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழுந்திருக்கும். யார் பயன்படுத்துவார் என்று திரை கேட்டது. கொழுந்தன் செல்வி பெயரைச் சொன்னார். கடவுச்சொல்லை அவள் காதில் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி:

“இனிமே செல்வி பாத்துக்கிடட்டும் மதினி. உங்களுக்கு எதுக்குச் செரமம்?”

சிரமம் என்று இவரிடம் எப்போது சொன்னேன்?

சர்வீஸ்காரர் தன் பென்டிரைவை மறந்துவிட்டுப் போனார். போனில் கேட்டார். சனிக்கிழமை தருகிறேன் என்றேன்.

வியாழன்
காற்று. துணி காயவில்லை. என் நாற்காலியில் செல்வி. தோட்டக்காரர் பெயர்களைப் பழைய ரசீது பார்த்து முதலிலிருந்து அடிக்கிறாள். கோம்பை ஊர்க்காரரைத் தேவாரம் ஊர்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறாள். என்னிடம் பிரதி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பாக்கியம் வைத்த குழம்பில் உப்பு அதிகம். வேண்டுமென்றே.

பாக்கியம் போனில், கெங்குவார்பட்டித் தங்கையிடம்: “பெரியவக இன்னிக்கும் கடைக்கு வந்துட்டாக. சும்மா உக்காந்திருக்காக, பாவம்.”

பாவமாம்.

வெள்ளி
பத்தரையிலிருந்து பன்னிரண்டு, ராகுகாலம். இந்தக் குடும்பத்தில் அப்போது பில் எழுத மாட்டார்கள், சாக்குப் பிரிக்க மாட்டார்கள், வாசல்படி தாண்ட மாட்டார்கள். மூட்டைக்காரர்கள் டீக்கடையில். கடையில் நான் மட்டும்.

சர்வீஸ்காரர் பென்டிரைவைச் செருகினேன். பவர், என் கையால். ஒவ்வொரு வரியும் படித்தேன். டிஸ்கில் உள்ளது எல்லாம் அழியும் என்று எச்சரிக்கை. செல்வி நேற்று முழுக்க அடித்தது அதில்தான். தனியே எடுத்து வைக்கலாமா என்று ஒரு யோசனை. வைக்கவில்லை. அழித்தேன்.

யார் பயன்படுத்துவார்? என் பெயர். கடவுச்சொல்லை இங்கேகூட எழுத மாட்டேன். என் பென்டிரைவிலிருந்து கணக்கை ஏற்றினேன். ஒரு வரி குறையவில்லை.

பன்னிரண்டுக்கு மேல் கொழுந்தன் வந்தார். திரையைப் பார்த்தார். சுட்டியை ஆட்டினார்.

“மதினி, பாஸ்வேர்டு?”

“என்ன வேணும்னு சொல்லுங்க. எடுத்துத் தர்றேன்.”

மாதிரிப் பட்டியல் வேண்டுமாம். அச்செடுத்து நீட்டினேன்.

“கம்ப்யூட்டர்ல இதெல்லாம் எப்பப் போட்டீக?”

“ராகுகாலத்தில.”

சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தாளை நுனியில் பிடித்துக்கொண்டு போனார்.

சனி
வெயில். காலையிலிருந்து பாக்கியம் பேசவில்லை. எனக்கு இட்லியும் இல்லை. பன் தின்றேன். சர்வீஸ்காரருக்குப் பென்டிரைவை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். கொழுந்தன் கணினிப் பக்கமே வருவதில்லை. அந்த நேரத்தில் தொடங்கிய யந்திரத்தைத் தொட மாட்டாராம். நல்லது.

செல்வி வந்து நின்றாள். “நான் அடிச்சதெல்லாம் போச்சா பெரியத்தை?”

போயிற்று என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நான் தொட மாட்டேன்னு சொல்லிருக்கணும். வாய் வரல.” திரையைக் காட்டி, “எனக்கும் இங்கன ஒரு பேரு போட்டுத் தாங்க.”

போட்டுத் தந்தேன். பதியலாம், பார்க்கலாம். அழிக்கும் உரிமை மட்டும் தரவில்லை.