உன் லைட்டர் ஒதுக்கிய பலகைகள்

மாப்ள,

காலையில் மண்டபம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். உடைந்த தெர்மாகோல் ஐஸ்பெட்டிகளைக் கரையில் குவித்து எவனோ கொளுத்திவிட்டிருந்தான். அந்தக் கறுத்த புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கையில் எடுத்த மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். "ஏண்ணே, மீனுக்கு என்ன கொறைச்சல்?" என்று மீன்காரம்மா பின்னாலிருந்து கத்தினாள். டீக்கடையில் கேட்டால் அந்த மீன் என் இடுப்பு உயரம் என்று சொல்லியிருப்பேன். உன்னிடம் முடியாது. கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நீ.

நம் உச்சிப்புளி டீக்கடையில் என் கதைக்கு இன்னும் மவுசு குறையவில்லை. அரபு நாட்டில் ராஜ வம்சத்துக்கு மடக்கு மாளிகை கட்டிக் கொடுத்தவன் நான். ஒட்டகம் வந்து முட்டியது, மாளிகை அசையவில்லை, ஒட்டகத்துக்குத்தான் பல் போனது. இதையெல்லாம் நம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். நடந்தது என்ன என்று சொல்ல வேண்டிய நீதான் இல்லை.

நடந்தது இதுதான். குளிர்காலம் வந்தால் அங்கே அரபிகள் பிள்ளைகுட்டிகளோடு பாலைவனத்தில் போய்த் தங்குவார்கள். துணிக் கூடாரம் காற்றுக்குக் கிழிகிறது, கழற்றி மாட்டுகிற மாதிரி சின்ன அறைகள் செய்து தாருங்கள் என்று நம் பட்டறை முதலாளி அரபியும் அவருடைய கூட்டாளிகளும் கேட்டார்கள். இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் வெள்ளைத் தகடு. நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் வந்தது வம்பு. பகலில் வெயில் உள்ளே வரக்கூடாது, விடியற்காலையில் குளிர் வரக்கூடாது. உள்ளேயே சமைப்பார்கள், கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வார்கள்.

சாம்பிள் பலகைகளோடு வந்தவர், நாம் காக்கா என்று கூப்பிடுகிற கீழக்கரைக்காரர். தெர்மாகோல் பலகையைத் தட்டிக் காட்டி, "பஞ்சு மாதிரி எடை, ஒத்த ஆளு தூக்கலாம்" என்றார். நடுவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து லைட்டரைப் பற்றவைத்தாய். அது சுருண்டு உருகி, தீச்சொட்டாக மணலில் விழுந்தது.

"தம்பி, இது தானா அணையிற சாதி. நெருப்பை எடுத்துப் பாருங்க, அணைஞ்சிரும்."

"வீடு பத்திக்கிட்டா நெருப்பை யாரு காக்கா எடுப்பா? நீங்க வருவீகளா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு மஞ்சள் ஃபோம் பலகையைக் காட்டினார். அது இன்னும் மோசம், குப்பென்று பற்றியது. அடுத்த முறை வரும்போது ராக்வூல் கொண்டு வந்தார். கல்லை உருக்கி இழுத்த பஞ்சு. லைட்டரின் வாய் சூடேறி உன் விரல் சுட்டதே தவிர, பஞ்சு கறுத்ததோடு சரி. "இதான் மச்சான் சாமான்" என்றாய். என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட உன் முகத்தில் அவ்வளவு சிரிப்பில்லை.

பலகை கனம், தூக்க நாலு கை வேண்டும், உடம்பெல்லாம் அரிப்பு. முதலாளி முணுமுணுத்தார். நான் அரபியில் பொளந்து கட்டி அவரை மடக்கினேன் என்பது ஊருக்குச் சொல்கிற கதை. எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை தீர்ந்து நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றபோது, நீ ஒரு துண்டு தெர்மாகோலை அவர் காலடியில் கொளுத்திப் போட்டாய். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகளைக் கை காட்டினாய். அவ்வளவுதான், மனுஷன் வாய் மூடிவிட்டார். "பச்சப்புள்ளையும் அதுக்குள்ளதான மச்சான் படுக்கும்" என்றாய் என்னிடம். பலகை இடுக்கில் மணல் வராமலிருக்க நான் ஃபோம் அடிக்கப் போனபோது அதையும் பிடுங்கி எறிந்தாய். தகட்டுப் பட்டையை வைத்து இறுக்கினாய். ஒரு கதவு போதாது என்று பின்பக்கமும் ஒன்று வைத்தாய், இரண்டும் வெளியே திறக்கிற மாதிரி.

யாரோ இரண்டு ராத்திரி படுத்துவிட்டுப் போகிற அறைக்கு.

மலிவென்று முதலாளி முன்பே இறக்கிவைத்து, உன் லைட்டர் வேண்டாம் என்று சொன்ன பலகைகள் பட்டறைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. பட்டறைகளில் உள்ள வழக்கம் உனக்குத் தெரியும், கழித்துப் போட்டதெல்லாம் வேலைக்காரனுக்கு. நமக்கு அதில்தான் அறை எழும்பியது. ஒரே கதவு, ஏசிக்கு ஒரு ஓட்டை. கட்டியதும் நீதான். என்ன மாப்ள இது என்று நான் கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் என் காதை அரிக்கிறது: "இங்கன என்ன குடியிருக்கவா வந்தோம் மச்சான்? படுத்து எந்திரிக்கத்தான."

நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிற சீக்கு இது. ஊரில் கட்டுகிற வீட்டுக்கு டைல்ஸ் எந்தக் கலர் என்று போனில் மணிக்கணக்காகப் பேசுவான். தான் படுக்கிற பெட்டியின் சுவரை ஒருநாள் திரும்பிப் பார்க்க மாட்டான். ஊரில் இருப்பது மட்டும்தான் வாழ்க்கை, அங்கே இருப்பது கணக்கில் வராது. அந்த உடம்பு மட்டும் வேறு யாருடையதாம்?

நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அங்கிருந்து நான் கிளம்பும்போது, "வச்சிக்கங்க மச்சான், வேற வாங்கிக்கிறேன்" என்று உன் லைட்டரை என் சட்டைப் பையில் போட்டாய். நீ வழக்கம்போல வெள்ளிக்கிழமைச் சோறு சாப்பிட்டுவிட்டு மதியம் படுத்திருக்கிறாய். ஏசி வயர் சுவருக்குள் புகைந்திருக்கிறது. இரண்டு தகட்டுக்கு நடுவில் எரிவது வெளியே எப்படித் தெரியும்? தெரிந்தபோது அறை முழுக்கப் புகை. தங்கச்சியிடம் நான் சொன்னது வேறு. "கரண்டு அடிச்சிருச்சு தாயி, நொடியில முடிஞ்சிருச்சு, மாப்ளைக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." நான் அவிழ்த்துவிட்ட கதைகளிலேயே அதைத்தான் எல்லோரும் உடனே நம்பினார்கள்.

போன வாரம் தங்கச்சி வீட்டு வாசலில் வெள்ளைப் பலகைகள் சாத்தியிருந்தன. உன் மகள் பேறுகாலத்துக்கு வந்து, பேத்தி பிறந்திருக்கிறாள் மாப்ள. மூக்கு உன்னுடையது, பாவம். கீழே இடம் பற்றவில்லை. மாடித் தகரக் கொட்டகையில் அனல். கொட்டகைக்கு உள்ளே சுற்றிலும் பலகை அடித்து அறையாக்கப் போகிறாளாம்.

"குளுகுளுன்னு இருக்குமாம்ணே, கடைக்காரரு சொன்னாரு."

"வேணாம் தாயி. திருப்பி அனுப்பு."

"அட போங்கண்ணே, எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருப்பீக. ஒத்த ரூமு. புள்ளைய வச்சிக்கிட்டுப் படுத்து எந்திரிக்கத்தான."

அதே வார்த்தை. உன் வாயிலிருந்து அவளுக்கு எப்போது தொற்றியதோ தெரியாது. என் வாய்க்குள் அப்போது நூறு கதை வந்தது. எதைச் சொன்னாலும் அவள் சிரிப்பாள், மாமன் அளக்கிறான் என்று உன் மகளும் சிரிப்பாள். பலகை ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளினேன். உன் லைட்டரை எடுத்தேன்.

துண்டு சுருண்டது, உருகியது, தீச்சொட்டாக வாசல் சிமெண்டில் விழுந்து விழுந்து எரிந்தது. தங்கச்சி பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். புகை போன பிறகும் தரையிலிருந்த கறுப்புப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியும், நீ லீவில் வரும்போதெல்லாம் பார்த்ததுதானே.

"அவுகளும் இதுக்குள்ளதான் கெடந்தாகளாண்ணே?"

ஒட்டகத்துக்குப் பல் போனதற்குச் சாட்சி சொல்லத் தெரிந்தவன் நான், மாப்ள. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் அழவில்லை. பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தானே ஒரு பலகையைத் தூக்கித் தெருவில் கொண்டு வைத்தாள். பஞ்சு மாதிரி எடை, ஒத்த ஆளு தூக்கலாம். எல்லாவற்றையும் அவளே கொண்டுபோய் வைத்தாள், என்னைத் தொட விடவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதும் இல்லை.

நான் பீடி சிகரெட் தொடுவதில்லை. ஆனாலும் லைட்டர் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. கேஸ் தீர்ந்தால் ரொப்பிக்கொள்கிறேன். எதற்கு என்று டீக்கடையில் கேட்டால், அரபி ராஜா பரிசாகக் கொடுத்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.