மமதாவின் ஞாயிற்றுக்கிழமை

ஜோகுபாளையம்,
புதன்கிழமை

அன்புள்ள ஷோபாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் வலியும் இந்த வாரம் அடங்கியிருக்கிறது. அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் அவசரப்படுவாய், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

ஏழைப் பிள்ளைகளைப் பற்றிய உன் ஆய்வுக்காக அடுகோடியில் முப்பது பிள்ளைகளிடம் கேள்வித்தாளைச் சோதித்து அனுப்பினேனே, முப்பதையும் தூக்கிப் போட்டுவிடு. தப்பு என்னுடையது. மேசை போட்டு, சிவப்புப் பேனாவோடு, நேற்று எத்தனை வேளை சாப்பிட்டாய் என்று கேட்டேன். எல்லாரும் மூன்று என்று சொல்லிவிட்டு, "கரெக்டா மிஸ்?" என்று பேனாவையே பார்த்தார்கள். அப்பாவிடம் சொன்னால், "ரிட்டையராகி ஒம்போது வருஷமாச்சு, இன்னும் பரீட்சை வெச்சிக்கினு இருக்கே" என்று கிண்டல்.

திங்கட்கிழமை பேனா இல்லாமல் போய்த் தரையில் உட்கார்ந்தேன். நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்ன நடந்தது, எனக்குத் தெரியாது, வரைந்து காட்டுங்கள் என்றேன். பத்து வயது மமதா தண்ணீர் லாரி வரைந்தாள், ஏழு குடம் வரைந்தாள், இடுப்பில் தம்பியை வரைந்தாள். தட்டு ஒன்றுதான், அதுவும் ராத்திரி. போன வாரம் மூன்று வேளை என்றாயே கண்ணு என்றேன். "அது நீங்க டெஸ்ட் வெச்சப்ப சொன்னது மிஸ். நேத்து சண்டே, ஸ்கூல்ல மத்யானம் போடற ஊட்டா இல்லல்ல" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

ஷோபா, அன்று முதல் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை முதல் பீரியடில் கணக்கு ஏறாத பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன், முப்பத்திரண்டு வருஷம். உன் தாளிலும் 'நேற்று' என்றுதான் இருக்கிறது, எந்தக் கிழமை என்று இல்லை. திங்களில் கேட்டால் ஒரு பதில், செவ்வாயில் கேட்டால் வேறு பதில். வெள்ளிக்கிழமை அறுநூறு வீட்டுக்கான தாள் அச்சுக்குப் போகிறது என்றாயே, நிறுத்திவை. கிழமையைச் சேர், வரைய ஒரு வெற்றுத்தாளும் சேர். உன் பேராசிரியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

படத்தை உனக்கு அனுப்பட்டுமா என்று மமதாவைக் கேட்டேன். "போட்டோ எடுத்துக்கங்க, பேப்பர் எங்கிட்டயே இருக்கட்டும். அத வெச்சி உங்க பொண்ணு இன்னா பண்ணுவாங்க?" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். பத்து வயதுக்குப் புரிகிற மாதிரி நீயே அவளுக்கு நாலு வரி எழுது. ஞாயிறு கோயில் முடிந்து எடுத்துப் போகிறேன், கூடவே ஒரு தூக்கு நிறையச் சோறும். ஆய்வு கெட்டுவிடும் என்பாய். அவளுடைய தாளைத்தான் தூக்கிப் போட்டாயிற்றே.

உன் கைவேலையைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். கம்பளி சாக்ஸ் மறக்காதே. வெள்ளிக்கிழமையையும் மறக்காதே.

முத்தங்களுடன்,
அம்மா ஹெலன்