போன வருடத்துக் காற்று

ஜூன் 3
ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்க ஆளில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். செயற்கை மழைக்கு அனுமதி தரும் பிரிவின் விதிகளை வரி வரியாக எழுதியவன் நான். தலைமை நாற்காலி போனது என்னிடம் வேலை கற்றுக்கொண்டவனுக்கு. சிஷ்யன் என்றே அவனை எழுதுகிறேன்.

ஜூன் 5
மேக விதைப்புக்கு ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்த ஊர்களுக்கு ஏழு நாள் முன்பே எச்சரிக்கை போக வேண்டும். என் விதிதான். விண்ணப்பத்தில் காற்றுத் திசை அட்டவணை இல்லை. டைப்பிஸ்ட் போய்க் கேட்டாள். சிஷ்யனின் பதில் என் மேஜை வரை கேட்டது.

"போன வருஷத்ததையே வச்சிடும்மா. காத்து என்ன வாடகை வீட்லயா இருக்கு, வருஷா வருஷம் மாத்திக்கிட்டுப் போக?"

இந்த வருடம் காற்று தெற்கே திரும்பிவிட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் கோப்பு நின்றிருக்கும். எழுதவில்லை. அந்தப் பழைய அட்டவணைப் பக்கத்தின் மூலையில் 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பம் வைத்துத் தள்ளிவிட்டேன். மாட்டிக்கொள்ளட்டும்.

ஜூன் 6
நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 14
எச்சரிக்கை வடக்கே போனது. மழை தெற்கே கொட்டியது. தெற்கே அக்கா வீடு - அதை ஏன் நான் நினைக்கவேயில்லை? போனில் அழவில்லை அவள்.

"ஒருத்தரும் சொல்லலடா. சொல்லியிருந்தா மாமாவ மாடிக்கு ஏத்தியிருப்பேன்ல. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க?"

மாமா பக்கவாதத்தில் படுத்திருப்பவர். கட்டில் வரை தண்ணீர். இப்போது ஆஸ்பத்திரியில்.

ஜூன் 18
விசாரணைக் குழு வந்திருக்கிறது. டைப்பிஸ்ட் தவறான பக்கத்தை இணைத்துவிட்டாள் என்று சிஷ்யன் எழுதிக் கொடுத்துவிட்டான். அவளை வேலையைவிட்டு எடுக்கப்போகிறார்கள். மாலையில் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், அவர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"ஃபைல்ல மூழ்கியிருந்தேம்மா. கவனிக்கல."

"பரவால்ல சார்."

பரவாயில்லையாம். திட்டியிருக்கக் கூடாதா? அவனுக்கு வெட்டிய குழிக்குள் இவளை இறக்கிவிட்டு மேலே நிற்கிறேன்.

ஜூன் 19
மாமா கண் திறந்தார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 21
குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், வாடகை வீடு உட்பட. அந்தப் பக்கத்தின் நகலையும் வைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து, என் சுருக்கொப்பம் இருக்கும் மூலையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முறை.

கடிதத்தின் கீழே பெயர் போடவில்லை. அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. நாளைக் காலை அப்படியே தபாலில் சேர்த்துவிடுவேன்.

மூலையை வெட்டவில்லை.