‘ஸ்டேபிள்’ என்றாயே, மருமகளே

செவிலியர் குலத்தின் வருங்காலப் பேரரசியான என் மருமகளுக்கு, குறட்டையால் எட்டுத் திக்கையும் நடுங்க வைப்பவனும், ஊசியைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்பவனுமான உன் தாய்மாமன் ஆசிகளுடன் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம். நீ அனுப்பிய போட்டோவில் யூனிஃபார்ம் தொளதொளவென்று தொங்குகிறதாம். உன் அம்மா தையல்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டாள். நான் திட்டவில்லை. பழைய போட்டோவில் இதே யூனிஃபார்ம் உனக்குக் கச்சிதமாக இருந்ததே.

நேற்று போனில் எப்படிம்மா இருக்கே என்று கேட்டேன். “ஸ்டேபிளா இருக்கேன் மாமா” என்றாய். உன் அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு இல்லை.

போன லீவில் நீதான் நடித்துக் காட்டினாய். வார்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களிடம் சொல்ல நல்ல சேதி இல்லாதபோது, கெட்ட சேதி சொல்ல வாய் வராதபோது, முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு சொல்கிற வார்த்தை அது என்றாய். நான் ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி சிரித்தேன். அதே வார்த்தையை எனக்கே சொல்லிவிட்டாயே.

மறுபடி கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. உன் ரூம்மேட் எடுத்தாள். உன் வார்டில் உன்னைப் பாப்பா என்று கூப்பிடுவாரே அந்தப் பெரியவர், நீ அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோதே கண்ணை மூடிவிட்டார் என்றாள். அன்றிலிருந்து நீ சாமி கும்பிட உட்கார்ந்தால் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறாயாம். புத்தகம், போர்வை எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கொடுத்துவிட்டாயாம். நான் வாங்கித் தந்த ஸ்டெதஸ்கோப்பைக்கூட. இனி எனக்கு எதற்கு என்றாயாம். உன்னைத் தனியே விடாதே தாயே என்று அவளிடம் கெஞ்சிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இப்போது உன் ஹாஸ்டலுக்குக் கீழே, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் மீசையைப் பார்த்து மிரண்டு, மாடிக்கு விடமாட்டேன் என்கிறார் வார்டன். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் ரூம்மேட்டோடு அவரே இந்தக் கடிதத்தைக் கொண்டுவர ஒப்புக்கொண்டார். ஒரு செருப்பின் வார் அறுந்திருக்கிறது. மடியில் அந்த ஸ்டெதஸ்கோப். அதைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

சாமி எங்கே போனார் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாதம்மா. வார்டனோடும் ரூம்மேட்டோடும் கீழே இறங்கி வா. நல்லா இல்லை மாமா என்று சொல், போதும். மற்றதை டாக்டரிடம் சேர்ந்தே போய்ப் பார்த்துக்கொள்வோம். படிப்பு எங்கும் ஓடிப்போகாது.

நீ நூறு வயது இருந்து, எனக்கு நீயே ஊசி போட்டு, நான் அலறுகிற அலறலில் ஊரே கூட வேண்டும்.

படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் மாமன்