அப்பாவுக்காக நான் படுத்துப் பார்த்த மெத்தை

ஆயர் தாவார்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சாந்தினிக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பாதி நலம்தான் உண்மை. நீயும் மாப்பிள்ளையும் அந்த நியூசிலாந்து குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் இடுப்பு வலிக்கு மெத்தை மேல் விரிக்க ஃபோம் வாங்கச் சொன்னாயே, அவரையே படுக்க வைத்துப் பார்த்து வாங்குங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். ஈப்போவில் பெரிய கடைக்குத்தான் போனோம். தோட்டத்தில் செம்பனைக் குலை சுமந்த மனுஷன், கடையில் நாலு பேர் முன்னால் படுக்க அவருக்கு வெட்கம். "மாலு லா, வெட்கமா இருக்கு, நீயே படுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்தேன். தடியாக மெத்துமெத்தென்று ஒன்று, எழுந்திருக்கவே மனசு வரவில்லை, அதையே வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு அடித்துப் போட்டாற்போல் தூக்கம். நீ கேட்கும்போதெல்லாம் அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன், அவரும் தலையாட்டினார். போன வெள்ளி கோயிலுக்குப் போக விடியுமுன் எழுந்தால், அவர் ஹாலில் வெறும் பாயில் கிடக்கிறார். அந்த ஃபோமில் இடுப்பு புதைந்து புரளக்கூட முடியவில்லையாம், தினமும் நான் விழிக்குமுன் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாராம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ ஆசையா வாங்கின, நல்லா தூங்குற, அது போதும் லா" என்றார். அவர் வலிக்கு வாங்கியதில் நான் சொகுசாகக் கிடந்திருக்கிறேன் பார்.

நேற்று இழுக்காத குறையாக அதே கடைக்குக் கூட்டிப் போனேன். மெல்லியதாகக் கொஞ்சம் கெட்டியாக இருந்த ஒன்றில் படுத்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார், குறட்டை வேறு. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை நாள் தூக்கமோ அது. எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், கடைக்காரச் சீனர் வலி எனக்குத்தான் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதையே வாங்கிக் கட்டிலில் போட்டாயிற்று, பழையதை உன் அறையில் வைத்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும், குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. புதியதில் அப்பா எப்படித் தூங்கினார் என்று மட்டும் நான் எழுதப்போவதில்லை. நீ கூப்பிடும்போது போனை அவர் கையில் கொடுக்கச் சொல். நான் வாயைத் திறக்க மாட்டேன், அவரையே கேள்.

உன் அம்மா,
மங்களம்