பின்பாரம்

டிக்கோயா
15.2.1959

ஐயாவுக்கு மகன் வீரமலை வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

போன ஞாயிறு தோட்டத்துச் சனங்களை டிராக்டர் டிரெயிலரில் கோயிலுக்கு ஏற்றிப் போனேன். முன்பக்கம் உட்கார்ந்தால் புகையும் சேறும் புதுச்சேலையில் அடிக்கும் என்று எல்லோரும் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள். பின்பாரம் ஏறினால் நம் மாட்டுவண்டியில் நுகத்தடி மேலே தூக்குமே, அதேபோல இறக்கத்தில் டிரெயிலரை மாட்டும் கொக்கி எழும்பி, டிராக்டரின் பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் வழுக்கிவிட்டது. மண்மேட்டில் இடித்து நிறுத்தினேன். ஒருவருக்கும் அடியில்லை. வேலாயி அக்காவின் அர்ச்சனைத் தேங்காய் மட்டும் பள்ளத்தில் உருண்டது. அது விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

பங்குனித் திருவிழாவுக்கும் நான்தான் ஓட்ட வேண்டுமாம். முன்னால் உட்காரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். "சாமி பாத்துக்கும், நீ ஓட்டுப்பா" என்கிறார்கள். தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் மாட்டேன் என்றதற்கு, "அப்ப லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுப் போ" என்றார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் சுக்கும் அம்மாவின் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். போர்த்திக்கொள்ளத்தான்.

இன்னொன்று, ஐயா. மகன் கேட்கக் கூடாதது. உங்களுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று திருவிழாவுக்கு முன்னால் ஒரு தந்தி அடியுங்கள். அதைக் காட்டினால்தான் லீவு தருவார்கள். டிராக்டர் ஓட்ட இங்கே வேறு ஆள் கிடையாது. நான் இல்லாவிட்டால் சனம் நடந்தே கோயிலுக்குப் போய்ச் சேரும்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். தந்தி அடிப்பது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

வீரமலை